காந்தியின் கணக்கு நோட்டு



நம் வாட்சப் குழுவில் ஒரு வசூல் அறிவிப்பு வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதல் பத்து நிமிடத்தில் நாலைந்து பேர் கைகூப்பும் படம் போடுவார்கள். பதினோராவது நிமிடத்தில் ஒருவர், போன தடவை வசூலித்ததில் மீதி எவ்வளவு என்று கேட்பார். குழு அப்படியே அமைதியாகிவிடும். பதில் வரும்வரை யாரும் பணம் அனுப்புவதில்லை. பதில் தாமதமானால் கேட்டவரைக் கோபித்துக்கொண்டு இரண்டு பேர் எழுதுவார்கள். அப்போதும் பணம் வராது.

கேட்டவர் கஞ்சராக இருக்க வேண்டியதில்லை. பல சமயம் அதிகம் கொடுக்கிறவரே அவராகத்தான் இருப்பார். இந்தக் கேள்வியை யாரும் கேட்பதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருந்த ஒருவரைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறேன். ஊரார் பணத்தை ஐம்பது வருடத்துக்கு மேல் கையில் வாங்கிச் செலவு செய்தவர் அவர். உப்பு, ராட்டை, உண்ணாவிரதம் எல்லாம் பள்ளியிலேயே படித்துவிட்டீர்கள். இங்கே காந்தியின் கணக்கு நோட்டை மட்டும் புரட்டிப் பார்ப்போம்.

1869இல் போர்பந்தரில் திவான் வீட்டில் பிறந்தவர். பணத்துக்குப் பழகாத பிள்ளை இல்லை. 1888இல் பாரிஸ்டர் படிக்க லண்டன் போனபோது ஆரம்பத்தில் தாராளமாகவே செலவு செய்தார். நல்ல கோட்டு, பட்டுத் தொப்பி, நடன வகுப்பு, வயலின் எல்லாம் உண்டு. ஆனால் ஒரு பழக்கம் முதலிலிருந்தே இருந்தது. பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகைக்குக் கொடுத்த இரண்டு காசு என எதுவானாலும் அன்றிரவு படுக்கப் போகும் முன் நோட்டில் ஏறிவிடும். கூட்டிப் பார்த்து இருப்பு சரியாக இருந்தால்தான் தூக்கம். அண்ணன் அனுப்பும் பணத்தில் நடந்த சொந்தச் செலவு அது. யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. பின்னாளில் லட்சக்கணக்கில் பொதுப்பணம் கைக்கு வந்தபோது தான் கடன்படாமல் தப்பித்தது இந்தப் பழக்கத்தால்தான் என்று அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

1893இல் ஒரு குஜராத்தி வியாபார நிறுவனத்தின் வழக்குக்காக ஒரு வருட ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்கா போனார். வழக்கு முடிந்து ஊர் திரும்பும் நேரத்தில் நேட்டாலில் இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறிக்கும் மசோதா வந்தது. வியாபாரிகள் அவரைப் போகவிடவில்லை. செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இருந்து இந்த வேலையைச் செய்யுங்கள் என்றார்கள். இங்கே அவர் எடுத்த முடிவைக் கொஞ்சம் கவனியுங்கள். பொது வேலைக்குச் சம்பளம் வாங்கமாட்டேன், உங்கள் வக்கீல் வேலையைக் கொடுங்கள், அதற்குக் கட்டணம் கொடுங்கள் என்று கேட்டார். ஏறக்குறைய இருபது வியாபாரிகள் ஒரு வருடக் கட்டணத்தை முன்பணமாகக் கொடுத்தார்கள். சங்கத்தின் பணத்திலிருந்து தன் வயிற்றுப்பாடு நடந்தால், சங்கத்துக்குப் பணம் கொடுப்பவரிடம் முகத்துக்கு நேராக ஒன்றைச் சொல்ல முடியாமல் போகும் என்பது அவர் கணக்கு.

1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கியது. அவர்தான் செயலாளர். சந்தா மாதம் குறைந்தது 5 ஷில்லிங். வசதி உள்ளவர்கள் அதிகம் தர வேண்டும். அப்துல்லா சேட் மாதம் 2 பவுண்டு எழுதினார், காந்தி 1 பவுண்டு எழுதினார். ஒரு மாதத்துக்குள் 300 பேர் சேர்ந்துவிட்டார்கள். எழுதுவது சுலபம், வாங்குவது கஷ்டம் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு மாதமும் கடை கடையாக அலைந்து வாங்க வேண்டியிருந்தது. அவருடைய குமாஸ்தா நாள் முழுவதும் வசூலுக்கே போய் அலுத்துப்போனார். நம் பொருளாளர் இதைப் படித்தால் சிரிப்பார் என்று நினைக்கிறேன். கடைசியில் மாதச் சந்தாவை வருடச் சந்தாவாக்கி, குறைந்தது 3 பவுண்டு, முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

அந்த வசூல் பயணத்தில் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்லியாக வேண்டும். டோங்காட் என்ற ஊரில் ஒரு வியாபாரி வீட்டில் இறங்கியிருந்தார்கள். அவரிடம் 6 பவுண்டு எதிர்பார்த்தார்கள். அவரோ 3 பவுண்டுக்கு மேல் தரமாட்டேன் என்றார். அவரிடம் 3 வாங்கினால் மற்ற எல்லோரும் அதையே காட்டிக் குறைத்துவிடுவார்கள். எல்லோருக்கும் பசி. ஆனால் பணம் வராமல் சாப்பிட உட்காரமாட்டோம் என்று காந்தியும் கூட வந்தவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்காரரும் விடிய விடிய அசையவில்லை. கூட வந்தவர்களுக்கு உள்ளுக்குள் கோபம் கொதித்தது, அடக்கிக்கொண்டார்கள். பொழுது விடியும் நேரத்தில் அவர் இறங்கி வந்து 6 பவுண்டையும் எடுத்துவைத்து விருந்தும் போட்டார். செய்தி சுற்று வட்டாரம் முழுவதும் பரவி, அடுத்த ஊர்களில் வசூல் வேகமாக நடந்தது.

இதை நம் குடியிருப்பில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம். உங்கள் வீட்டுச் சோபாவில் செயற்குழு விடியும்வரை உட்கார்ந்திருந்தால் நீங்கள் செக்யூரிட்டியைக் கூப்பிடுவீர்கள். ஆனால் அந்த வியாபாரி ஏன் கூப்பிடவில்லை என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பணம் எங்கே போகும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. தகராறு தொகையைப் பற்றி மட்டும்தான்.

சந்தேகம் வராததற்குக் காரணம் இருந்தது. கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் ரசீது. முதலில் ரசீதுப் புத்தகம்கூட அச்சடிக்கவில்லை. தன் அலுவலகத்துச் சைக்ளோஸ்டைல் மெஷினிலேயே நகல் எடுத்துக் கொடுத்தார். கஜானா நிரம்பிய பிறகுதான் அச்சகத்துக்குப் போனார். கேட்காமலே ரசீது வந்ததால் கொடுத்தவர்களுக்கு அதிலேயே ஒரு நிம்மதி. கையில் பணம் இல்லாமல் எந்த வேலையும் தொடங்குவதில்லை, தருகிறேன் என்று சொன்ன வார்த்தையை நம்பிச் செலவு செய்வதில்லை என்பது இன்னொரு விதி. மற்ற விஷயங்களில் மனிதர்களின் வாக்கை நம்பலாம், பண விஷயத்தில் நம்பக் கூடாது என்று சிரிக்காமல் எழுதியிருக்கிறார். அந்தச் சங்கம் கடனே படவில்லை. முப்பது வருடம் கழித்துத் தன் வரலாற்றை எழுதும்போதும், 1894ஆம் வருடத்துக் கணக்குப் புத்தகத்தை இன்றும் சங்கத்தில் முழுசாகப் பார்க்கலாம் என்று உறுதியாகச் சொன்னார்.

1896இல் இந்தியாவுக்கு வந்து தென்னாப்பிரிக்க இந்தியர்களின் நிலையை எடுத்துச் சொல்ல, காங்கிரஸ் அவருக்கு 75 பவுண்டு செலவுக்குக் கொடுத்தது. அந்தப் பயணத்தில் நம் சென்னைக்கும் வந்தார். அக்டோபர் 26 அன்று பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித்தொழிலாளி எஜமானிடம் அடிபட்டுப் பல் உடைந்து தன்னிடம் வந்த கதை ஏற்கனவே இங்கே பரவியிருந்ததால், கூட்டம் உணர்ச்சி மயமாக இருந்தது. ஊர் திரும்பியதும் அந்தச் செலவுக்கு அவர் கொடுத்த விவரப் பட்டியல் அவருடைய தொகுப்பு நூல்களில் இருக்கிறது. டிராம், கோச்சு வண்டி, தந்தி, தபால் தலை எல்லாம் தேதி வாரியாக வரும். இன்றைக்கு ஊர் சுற்றி வந்துவிட்டு மொத்தமாக ஒரு தொகையை எழுதி இதர செலவு என்று போடுகிறவர்கள் ஒருமுறை படிக்க வேண்டிய பட்டியல்.

1901இல் ஊர் திரும்பத் தீர்மானித்தபோது நேட்டால் இந்தியர்கள் அன்பைப் பொழிந்துவிட்டார்கள். தங்கம், வெள்ளி, வைரம் எல்லாம் வந்தன. கஸ்தூர்பாவுக்கு மட்டும் 50 கினி மதிப்புள்ள ஒரு தங்க அட்டிகை. அன்று இரவு காந்தி தூங்கவில்லை. பொதுச் சேவைக்காக வந்த பரிசு தனக்குச் சொந்தமாகுமா என்பதே கேள்வி. விடிவதற்குள் பார்சி ருஸ்தம்ஜி முதலியோரை அறங்காவலர்களாகப் போட்டு ஒரு கடிதம் எழுதிவிட்டார். பிள்ளைகள் உடனே சரி என்றார்கள். கஸ்தூர்பா சம்மதிக்கவில்லை. நாளைக்கு மருமகள் வரும்போது வேண்டாமா என்று கேட்டார். அட்டிகை எனக்கு வந்தது, உங்கள் சேவைக்கு வந்ததாகவே இருந்தாலும் நீங்கள் செய்த சேவையில் என் உழைப்பும் இல்லையா என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்து காந்தியிடம் அதற்குச் சரியான பதில் இல்லை. எப்படியோ சம்மதம் வாங்கினேன் என்றுதான் எழுதுகிறார். பத்திரம் எழுதப்பட்டு நகைகள் வங்கிக்குப் போயின. சமூகத்துக்குத் தேவைப்பட்டபோதெல்லாம் அந்த நிதி உதவியது.

இப்படிப்பட்டவரும் தவறினார். ஜோகனஸ்பர்க்கில் ஒரு பெண்மணி சைவ உணவகத்தைப் பெரிதாக நடத்த ஆசைப்பட்டுப் பணம் கேட்டார். காந்திக்குச் சைவ உணவு என்றால் உயிர். கையில் பணம் இல்லை. ஆனால் கட்சிக்காரர்கள் நம்பி ஒப்படைத்த பணம் இருந்தது. பத்ரி என்ற முன்னாள் ஒப்பந்தத் தொழிலாளியிடம் கேட்டார். எனக்கு இதெல்லாம் தெரியாது, உங்களைத்தான் தெரியும், உங்கள் இஷ்டம் என்றார் பத்ரி. ஆயிரம் பவுண்டுக்கு மேல் போனது. இரண்டு மூன்று மாதத்தில் அது திரும்பாது என்று தெரிந்துவிட்டது. காந்தி தன் பணத்திலிருந்து அடைத்தார். இன்னொரு கட்சிக்காரர் அவரை மென்மையாகக் கண்டித்தார்: பத்ரிக்கு நஷ்டம் வராமல் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள், ஆனால் இப்படியே உங்களுக்குப் பிடித்த காரியங்களுக்கெல்லாம் அடுத்தவர் பணத்தைக் கொடுத்தால் சீக்கிரம் நீங்கள் பிச்சைக்காரராகி, பொது வேலை எல்லாம் நின்றுபோகும் என்றார்.

நகைகளையும் உணவகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனிதர் ஒருவர்தான், நேர்மையும் ஒன்றுதான். நகைகளுக்கு அறங்காவலர்கள் இருந்தார்கள், பத்திரம் இருந்தது, வங்கி இருந்தது. பத்ரியின் பணத்துக்கு இருந்தது காந்தி மட்டும்தான். நம்மிடையேயும் சில சமயம், செயலாளர் நல்ல மனுஷன், அவரிடம் போய்க் கணக்கா கேட்பது என்ற பேச்சு வருகிறது. பத்ரியும் அப்படித்தான் சொன்னார்.

அடுத்து நம் கார்ப்பஸ் ஃபண்ட் விஷயத்துக்கு நேரே வருகிறது. நேட்டால் காங்கிரசுக்கு நிரந்தர நிதி வேண்டும் என்று காந்தி முதலில் ஆசைப்பட்டார். சேர்ந்த பணத்தில் சொத்து வாங்கி வாடகைக்கு விட்டார்கள். வாடகையிலேயே நடப்புச் செலவு ஓடியது. அறங்காவலர்களும் வலுவானவர்கள். அவர் தென்னாப்பிரிக்காவை விட்ட பிறகு அந்தச் சொத்தின் மேல் உள்சண்டை வந்து, வாடகைப் பணம் கோர்ட்டில் குவிந்து கிடந்தது. அதற்கு வெகு முன்பே அவர் மனம் மாறியிருந்தது. வருடா வருடம் சந்தாதாரரிடம் போய் நிற்க வேண்டிய சங்கம்தான் அவர்களுக்குப் பயந்து ஒழுங்காக நடக்கும். வட்டியில் வாழத் தொடங்கிய சங்கம் மக்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாது என்று நினைத்தார். கட்டடம் இல்லாமல் நடக்கவே முடியாத நிறுவனங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். நமக்கு லிஃப்ட் உண்டு, வெளிப்பூச்சு உண்டு, ஆகவே நாம் விலக்கில் வருகிறோம். ஆனாலும் நடப்புச் செலவுக்கு அந்த நிதியைத் தொடலாமா என்று பொதுக்குழுவில் ஒவ்வொரு தடவையும் வாக்குவாதம் வரும்போது எனக்கு அந்தக் கோர்ட்டில் கிடந்த வாடகைதான் ஞாபகம் வருகிறது.

டிரான்ஸ்வால் போராட்டத்துக்கு 1909இல் ரத்தன் டாடா 25,000 ரூபாய் அனுப்பினார். ஜாம்ஷெட்ஜி டாடாவின் இளைய மகனான ரத்தன்ஜி டாடா இவர். அந்தப் பணம் எப்படிச் செலவாயிற்று என்று கோகலேக்குக் காந்தி கடிதம் எழுதினார். ஒரு பகுதி தன் பத்திரிகையின் கடனை அடைக்கப் போனதை அதில் மறைக்கவில்லை. 1912இல் டாடாவுக்கே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டியதை ஊருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். டாடா முதல் தவணையோடு நிறுத்தவில்லை, மேலும் மேலும் அனுப்பினார்.

1915இல் இந்தியா திரும்பி அகமதாபாத்தில் ஆசிரமம் தொடங்கினார். சில மாதங்களில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த தூதாபாய் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டதும் நன்கொடைகள் அடியோடு நின்றன. இங்கே கணக்கில் ஒரு குறையும் இல்லை. கொடுத்தவர்களுக்குக் கொள்கை பிடிக்கவில்லை. காந்தி குடும்பத்தை வெளியே அனுப்பவில்லை. அடுத்த மாதத்துக்குக் காசில்லை என்ற நிலையில் ஒரு சேட் காரில் வந்து 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு உள்ளேகூட வராமல் போனார். கொடுப்பவருக்குக் கணக்குக் காட்டுவது வேறு, அவர் சொன்னபடி ஆடுவது வேறு.

1917இல் சம்பாரண் போராட்டம். ஏழை விவசாயிகளிடம் வசூலிக்கக் கூடாது, நாடு முழுவதும் கையேந்தவும் கூடாது என்று முடிவு செய்து, பிகாரின் வசதியானவர்களிடமும் ரங்கூனில் இருந்த நண்பர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவிடமும் மட்டும் கேட்டார். மொத்தச் செலவு 3,000 ரூபாயைத் தாண்டவில்லை. சில நூறு ரூபாய் மிச்சமும் ஆனது.

பிறகு தொகைகள் பெரிதாயின. 1921இல் திலகர் சுயராஜ்ய நிதி, ஜூன் 30க்குள் 1 கோடி ரூபாய் என்று இலக்கு. சேர்ந்தது. ஜம்னாலால் பஜாஜ் பொருளாளர். பணம் என்னவாயிற்று என்ற கேள்வியும் கூடவே வந்தது. கணக்குகள் தணிக்கையாகி வெளிவந்தன. 1933 நவம்பரில் தொடங்கிய ஹரிஜன யாத்திரையில் ஊர் ஊராகப் போய்ச் செம்புக் காசு முதல் வைரம் வரை வாங்கினார். வாசித்துக் கொடுக்கும் வாழ்த்துமடலையும் அதன் வெள்ளிப் பேழையையும் அந்த மேடையிலேயே ஏலம் விட்டார். வடகரையில் 1934 ஜனவரியில் கௌமுதி என்ற 16 வயதுப் பெண் வளையல், சங்கிலி, தோடு என ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தபோது, வாங்கிப் போட்டுக்கொண்டு நகரவில்லை. பெற்றோருக்குத் தெரியுமா, நாளைக்கு வேறு நகை செய்து போட்டுக்கொள்வாயா என்று விசாரித்த பிறகே ஏற்றார்.

இதற்கு முன்னால் 1929இல் நடந்ததைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் இன்றும் எனக்கு அது முழுசாக ஒப்புக்கொள்ள முடியாத விஷயம். ஆசிரமத்தில் யாரும் சொந்தப் பணம் வைத்துக்கொள்ளக் கூடாது. யாரோ வந்தவர்கள் கஸ்தூர்பாவிடம் 4 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் அதை அலுவலகத்தில் கட்டாமல் தன்னிடமே வைத்திருந்தார். அதற்கு முன்னும் ஒருமுறை நூறோ இருநூறோ அப்படி வைத்திருந்தது திருடன் வந்தபோது தெரிந்தது. காந்தி இதை நவஜீவன் பத்திரிகையில் எழுதிவிட்டார். ஆசிரமப் பணத்தில் சின்னச் சின்னதாகக் கை வைத்து வந்த தன் உறவினர் ஒருவரைப் பற்றியும் அதே கட்டுரையில் எழுதினார்.

அறுபதை எட்டிய மனைவியை 4 ரூபாய்க்காக நாடறியச் செய்யலாமா? நம் நோட்டீஸ் போர்டில் மெயின்டனன்ஸ் பாக்கிக்காரர் பட்டியல் ஒட்டலாமா என்று போன வருடம் நீங்களே எவ்வளவு சண்டை போட்டீர்கள். எனக்கு அந்தப் பட்டியல் பிடிக்காது. ஆனால் ஒன்று: காந்தி ஒட்டிய பட்டியலில் இருந்தது கொடுக்காதவர்களின் பெயர் இல்லை. வாங்கி வைத்திருந்த தன் வீட்டார் பெயர். வெளியே தெரிய வருவதற்கு முன் தானே சொன்னார். ஆசிரமத்துக்கு நன்கொடை அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் அதைப் படித்தார்கள்.

கஸ்தூர்பா 1944 பிப்ரவரி 22 அன்று பூனாவில், ஆகா கான் மாளிகைச் சிறையில் கணவரின் மடியில் இறந்தார். அவர் பெயரில் ஒரு நினைவு நிதி தொடங்கினார்கள். அந்த அக்டோபரில் காந்திக்கு 75 வயது. ஆகவே 75 லட்சம் ரூபாய் இலக்கு. நாடு முழுவதிலிருந்தும் பணம் வந்து, குறித்த தேதிக்குள் இலக்கையும் தாண்டியது. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் செலவு செய்ய ஓர் அறக்கட்டளை அமைந்தது. 4 ரூபாயைப் பத்திரிகையில் எழுதியவரே அதற்குத் தலைவராக இருந்தார்.